சி.பி.யூ.வுக்குள் பீரோ சாவி

"என்ற சர்டிபிகேட்டெல்லாம் எனக்கு வேணுங்க. இன்னைக்கே வேணும்."

இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. அம்மா சொன்னாள். எனக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரபா அக்கா, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கேட்டால் அன்றைக்கே வேலை போகும், வேலை போனவளுக்கு எதற்காகத் தேடி எடுத்துக் கொடுக்கப் போகிறார்கள் என்றாள். அவளுக்குக் கல்யாணமாகி ஓமலூர் போய் ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. அவளுடைய பட்டம் இன்னும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது.

முதலாளி அப்புசாமி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் தர மாட்டேன்னா சொன்னேன், கண்ணு? சாவி கெடைக்கட்டும். கெடைச்சதும் வாங்கிக்க."

மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ரோட்டோரமாக இருக்கிறது அவர்கள் வீடு. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார்கள். வண்டிகள் ஆந்திராவிலும் ராய்ப்பூர் பக்கமும் ஓடும். எந்த ஊரில் எத்தனை அடி ஓட்டினார்கள், கேசிங் பைப் எவ்வளவு இறங்கியது, டீசல் எவ்வளவு போட்டார்கள் என்று டிரைவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் சொந்தத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் இன்னும் தறிக்குத்தான் போகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பாவும் கூட வந்திருந்தார். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, டி.சி. எல்லாவற்றின் ஒரிஜினலையும் முதலாளி வாங்கிக்கொண்டார். இந்தப் பக்கத்தில் பல இடங்களில் இதுதான் வழக்கம். டிரைவரிடம் லைசென்ஸ், படித்த பிள்ளைகளிடம் சர்டிபிகேட். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும் என்றார் முதலாளி. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பத்திரமாக வைப்பதற்கும் பிடித்து வைப்பதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன், ஏனென்றால் வீட்டில் சம்பளம் வேண்டியிருந்தது.

இப்போது நாளைக் காலை எட்டு மணிக்கே சேலத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு. கூட்டுறவுச் சங்கத்தில் உதவியாளர் வேலை. எழுத்துத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டேன். அசல் சான்றிதழ் கையில் இல்லாதவர்களை உள்ளேயே விட மாட்டோம் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதையும் முதலாளியிடம் சொன்னேன். நல்ல சமாச்சாரம்தானே என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் செல்போனைப் பார்த்தார்.

சாவி காணாமல் போனது பொய் இல்லை. பீரோவுக்குள் ஒரு சின்ன லாக்கர். அதற்குப் பித்தளையில் ஒரு சின்னச் சாவி, மஞ்சள் கயிறு கட்டியது. ஆயுத பூஜையோடு அது காணாமல் போனது. இன்னொரு சாவி இருக்கிறது. அது பத்திரமாக இருக்கட்டும் என்று லாக்கருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பூட்டை உடைக்கலாம் என்று திருச்செங்கோட்டிலிருந்து ஆள் வந்தான். முதலாளியின் மனைவி காளியாத்தாள் அம்மா பீரோவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். லட்சுமி இருக்கும் இடத்தில் டிரில்லிங் மிஷின் வைக்க விட மாட்டேன் என்றார். ஊரெல்லாம் பூமியை டிரில் போட்டுச் சம்பாதித்த வீடு. வந்த ஆள் டீ குடித்துவிட்டுப் போனான். புரட்டாசியில் கல்யாணம் காட்சி கிடையாது. நகை எடுக்க வேண்டிய வேலையும் இல்லை. அதனால் யாருக்கும் அவசரம் இல்லை, என்னைத் தவிர.

தேடாமல் இல்லை. பாத்திரம் கழுவ வரும் அத்தாயி அக்காவின் கூடையைப் பார்த்தார்கள். என் கைப்பையையும் மேசைமேல் கொட்டச் சொன்னார்கள். சும்மா பார்ப்பதுதான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார் காளியாத்தாள் அம்மா. நான் மனசில் வைத்துக்கொண்டேன்.

முதலாளி செல்போனைப் பார்க்க, நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறையில் வேறு சத்தமில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் இருந்த சி.பி.யூ. மட்டும் டிக், டிக் என்று இழுத்துக்கொண்டிருந்தது. பூஜைக்குப் பிறகு வந்த சத்தம் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தரம் அணைந்தும் போனது. கண்டதை அமுக்குகிறாயா என்று அதற்கும் எனக்குத்தான் பேச்சு. கோயமுத்தூரில் படிக்கும் அவர்கள் பையன் கௌசிக்கிடம் போனில் கேட்டதற்கு, தூசியாக இருக்கும், தீபாவளிக்கு வரும்போது பார்க்கிறேன் என்றான்.

அந்தப் பெட்டியே கௌசிக் கேம் விளையாடிக் கழித்துப் போட்டதுதான். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு; இப்போது கண்ணாடியின் உள்பக்கம் தூசி படிந்து ஒன்றும் தெரியாது. புதுசு வாங்கியபோது பழையதன் மேல்பக்கத்து ஃபேனை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஓட்டை. தூசி விழாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தோம்.

ஆயுத பூஜை அன்று ரிக் வண்டி, கம்ப்ரசர், ஹேமர், பிரிண்டர், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார் காளியாத்தாள் அம்மா. இருக்கிற சாவியையெல்லாம் கொண்டுவந்து சி.பி.யூ. தலையில், அந்தத் துண்டின்மேல், வரிசையாக வைத்துச் சந்தனம் தொட்டார். பக்கத்தில் பொரி, கடலை, செவ்வந்திப் பூ. மறுநாள் காலையில் சாவிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பெட்டிக்கு மேலேயே துண்டை உதறினார். என் கண்ணால் பார்த்ததுதான். பார்த்தும் இத்தனை நாள் அந்த ஓட்டை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

துண்டை எடுத்துவிட்டு, செல்போன் டார்ச்சை ஓட்டைக்குள் அடித்தேன். உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு நுனி, சுற்றுக்குச் சுற்று வந்து இடித்துக்கொண்டிருந்தது.

உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சாவி இதற்குள் இருக்கிறது என்றேன்.

முதலாளி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். "இங்க வா, உன்ற லட்சுமி எங்க போயி உக்காந்திருக்குது பாரு" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். காளியாத்தாள் அம்மா ஈரக்கையோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்து முதலாளி செங்கோடன் அண்ணனைக் கூப்பிட்டார். செங்கோடன் அண்ணன் எங்கள் டிரில்லர். வண்டி ரிப்பேருக்காக ஊருக்கு வந்திருந்ததால் வாசலில்தான் இருந்தார். போர் ஓட்டும்போது குழிக்குள் பாறையைத் துளைக்கும் பிட்டோ அதன் பல்லோ உடைந்து விழுந்துவிட்டால் எடுக்கிறவர் அவர்தான். அதில் அவருக்கு நல்ல பேர். விஷயத்தைக் கேட்டதும் வண்டிக்குப் போய், கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேங்காய் அளவுக்கு இருந்தது.

"ஐந்நூறு அடிக்குக் கீழ உழுந்ததையே எடுத்திருக்கறனுங்க. இந்த முக்கா அடிப் பொட்டிக்கு எதுக்குங்க இத்தனை ரோசனை?" என்றபடி கயிற்றை ஓட்டைக்கு நேராகப் பிடித்தார்.

நான் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"கிட்டக் கொண்டாராதீங்கண்ணா. உங்க குழிக்குள்ள கல்லும் தண்ணியும்தான். இதுக்குள்ள ஹார்ட் டிஸ்க் இருக்குது. இத்தனை வருசத்துக் கணக்கும் அதுலதான் இருக்குது. இந்தக் காந்தம் மேல பட்டா அத்தனையும் போயிரும். அதுவுமில்லாம சாவி பித்தளைங்க. காந்தத்துல ஒட்டாது."

செங்கோடன் அண்ணன் கயிற்றைச் சுருட்டினார். "பித்தளையா? அதைய மொதல்லயே சொல்லிருந்தா இதையத் தூக்கிட்டு வந்திருக்க மாட்டனுங்களே" என்று முதலாளியைக் குறை சொன்னார். சொல்லிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். வேடிக்கை பார்க்காமல் போக மனசில்லை.

முதலாளிக்கு அடுத்தடுத்து யோசனை வந்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டலாம் என்றார். அது ஆகாதென்றால் கம்ப்ரசரைப் போட்டு ஒரு ஊது ஊதினால் சாவி தானாக வெளியே வரும் என்றார். அந்தக் கம்ப்ரசர் ஊதினால் பாறைத் தூளே பனைமர உயரத்துக்கு எழும்பும். சாவியோடு மதர்போர்டும் ரோட்டுக்கு வந்துவிடும் என்றேன். வாசல்படியில் செங்கோடன் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தலைகீழாகக் கவிழ்த்தால் சாவி உருண்டு எதன்மேல் உரசும், எதை உடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சர்வீஸ்காரரைக் கூப்பிடலாம் என்றால் அவர் மேட்டூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். எனக்குத் திங்கட்கிழமை எதற்கு?

நானே எடுக்கிறேன் என்றேன். எடுத்துக் கொடுத்த உடனே லாக்கரைத் திறந்து என் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டும், அதற்குச் சம்மதமா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ஆகட்டும் என்றார். பெட்டிக்கு ஒன்று ஆனால் நீதான் பொறுப்பு என்றார். அதற்கு நானும் ஆகட்டும் என்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அதுவரைக்கும் நான் ஒரு கம்ப்யூட்டரைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. மூன்று வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். மதர்போர்டைப் படம் போட்டுப் பாகம் குறித்து மார்க் வாங்கினேன். லேபில் பெட்டிகளை இரும்புக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். எங்களுக்குக் கீபோர்டும் மவுஸும் மட்டும்தான் வெளியே. தொட்டால் கெட்டுவிடும் என்பார் லேப் சார். எங்கள் கை பட்டால் மட்டும் கெட்டுப்போகிற சாமான்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. எப்படித் திறப்பது என்பதையெல்லாம் பின்னால் யூடியூப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், என்றைக்காவது உதவும் என்று.

முதலில் கணக்குக்கு நகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக அணைந்த கம்ப்யூட்டரை மறுபடி போடக் கூடாது. சாவி எதில் பட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் கரண்டைக் கொடுத்தால் போர்டே கருகிவிடும். கணக்கையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிவிட்டாயா என்று முதலாளியே கேட்டார். நேற்று மாலையே ஏற்றிவிட்டேன், தினமும் ஏற்றுகிறேன் என்றேன். அது அவருக்குத் தெரியாது. கேட்டதும் அவர் முகத்தில் பாதிக் கவலை குறைந்தது.

சுவரில் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கினேன். மானிட்டர், கீபோர்டு, நெட் வயர் எல்லாவற்றையும் கழற்றினேன். எல்லாம் கழற்றிய பிறகு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். உள்ளே மிச்சம் இருக்கும் கரண்ட் அதில் போய்விடும். கரண்டே இல்லாத பெட்டிக்கு எதற்குப் பட்டனை அழுத்துகிறாள் என்று முதலாளி செங்கோடன் அண்ணனிடம் கேட்டார். செங்கோடன் அண்ணனுக்கும் தெரியவில்லை. ஆனாலும், கம்ப்ரசரை அணைச்சாலும் பிரஷரை எறக்கோணுமில்லீங்க, அந்த மாதிரி என்னமோ என்றார். சரியாகத்தான் சொன்னார்.

வளையலைக் கழற்றி வைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினேன். பின்பக்கத்தில் இரண்டு திருகு. ஒன்று கையிலேயே வந்தது. இன்னொன்று பிடிவாதம் பிடித்தது, காசை வைத்துத் திருப்பினேன். கண்ணாடிப் பலகையை உருவி எடுத்து, கட்டிலுக்கு விரிக்கும் பழைய போர்வைமேல் படுக்க வைத்தேன். பெட்டியைப் படுக்க வைக்கவில்லை. நின்றபடியே இருக்க வேண்டும். சாவி தொங்கிக்கொண்டிருந்தால், படுக்க வைத்ததும் போர்டுமேல் விழுந்துவிடும்.

உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. அடியில் பொரியும் இரண்டு பொட்டுக்கடலையும் கிடந்தன. காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று ஒரு வயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விடுவதற்கு முன்னால் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டேன். நம் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் போர்டில் இறங்கிவிடக் கூடாது. இடது கையை அந்தச் சட்டத்திலிருந்து எடுக்கவே இல்லை.

காளியாத்தாள் அம்மா டார்ச் பிடிக்க வந்தார். வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் போனது. "நான்தான் சாமி துணிய ஒதறுனேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. தெரியுமுங்க என்றேன். அதற்குமேல் நல்லதாக ஒன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கைப்பை மேசையில் கொட்டிக் கிடந்தது கண்ணில் நின்றது. அவர் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் நின்றது.

சாவி தெரிந்தது. பிராசசருக்கு மேலே தகடு தகடாக அடுக்கிய ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், சூட்டை இழுப்பதற்கு; ஃபேன் அதன்மேல்தான். அதற்கும் கீழே இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் விரல் போகாத சந்து. சாவி அந்தச் சந்தில் செங்குத்தாகச் சொருகிக்கொண்டு நின்றது. பல் மேலே தகட்டில் மாட்டியிருந்தது. தலையில் கட்டிய மஞ்சள் கயிறு ஃபேனின் நடுத்தண்டில் சுற்றியிருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் போலத்தான் இருந்தது. இழுத்தால் தகடு வளையும், சாவியின் முனை போர்டைக் கீறும்.

ஒரு கல்யாணப் பத்திரிகை கேட்டேன். இந்த மாதிரி வீட்டில் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. நல்ல கெட்டி அட்டையாக ஒன்று கொடுத்தார்கள். அதைச் சாவிக்கு அடியில், கார்டுமேல் மெதுவாகச் சொருகினேன். நழுவினாலும் அட்டைமேல்தான் விழும். பிறகு ஃபேனை விரலால் பின்பக்கமாகச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு கொஞ்சம் தளர்ந்தது. கடைசிச் சுற்று தண்டோடு இறுகியிருந்தது. அதை மட்டும் நகம் வெட்டுகிற கத்திரியால் நறுக்கி, நறுக்கிய துணுக்கையும் விடாமல் எடுத்து வெளியே வைத்தேன்.

இனி சாவியின் பல்லை விடுவிக்க வேண்டும். இரும்பு எதையும் அந்தச் சந்துக்குள் விட எனக்கு விருப்பமில்லை. சீமாத்துக் குச்சி ஒன்று வாங்கினேன், தென்னை ஈர்க்குதான். அதைச் சாவியின் தலைக்கு அடியில் கொடுத்து மேலே நெம்பினேன். அசையவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் கொடுத்தேன்.

பின்னால் முதலாளி பேசிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் செய்கிறாள், இனிமேல் மாசத்துக்கு ஒரு தரம் இந்தப் பெட்டியை இவளே திறந்து துடைத்து வைத்துவிடலாம், சர்வீஸ்காரன் எதற்கு என்று செங்கோடன் அண்ணனிடம் சொன்னார். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. நாளைக்கு நான் எங்கே போகிறேன் என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சேலத்தில் அந்த வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திங்கட்கிழமை நான் இங்கே இல்லை என்று அப்போதுதான் முடிவாயிற்று. கையில் இருந்த குச்சி ஆடவில்லை. சாவியின் பல் தகட்டை விட்டு நழுவி, சாவி அட்டைமேல் விழுந்தது. சத்தம்கூட இல்லை. புருவம் திருத்தும் சிமிட்டா ஒன்று என் பையில் உண்டு. அதன் இரண்டு முனையிலும் செல்லோடேப் ஒட்டிச் சாவியைப் பிடித்தேன். பிடித்தபடியே அட்டையோடு வெளியே எடுத்தேன்.

காளியாத்தாள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி கையை நீட்டினார். முதலில் பெட்டியை மூடிவிடுகிறேன் என்று சொல்லி, சாவியை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

பொரி, கடலை, இதழ், கயிற்றுத் துணுக்கு எல்லாவற்றையும் பொறுக்கினேன். டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தேன். சாவி கிடந்த இடத்தில் போர்டில் கீறல் இல்லை. ஃபேனை விரலால் சுற்றிவிட்டேன், தடையில்லாமல் சுற்றியது. கண்ணாடியை மூடித் திருகை முடுக்கி, வயர்களைச் செருகி, கடைசியாகச் சுவிட்சைப் போட்டேன். எல்லாரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். கறுப்பாக இருந்தது. இன்னும் கறுப்பாகவே இருந்தது. பிறகு ஒரு பீப் சத்தம், விண்டோஸ் வந்தது. கணக்கு ஃபைலைத் திறந்து காட்டினேன். டிக் டிக் சத்தம் இல்லை. பெட்டி ஓடுகிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதியாக இருந்தது.

"லாக்கரத் தொறந்து குடுங்க" என்றேன்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே, அம்மிணி. வெள்ளிக்கெழமையில பீரோவுல இருந்து ஒண்ணையும் வெளிய குடுக்கறதில்லை. உனக்குத் தெரியாததா? நாளைக்கு விடிஞ்சதும் வந்து வாங்கிக்க."

அது உண்மையான வழக்கம்தான். வெள்ளிக்கிழமை இந்த வீட்டிலிருந்து காசு வெளியே போகாது. உப்பு, ஊசிகூடக் கடன் கொடுக்க மாட்டார்கள். டிரைவர்களுக்குச் சம்பளமே சனிக்கிழமைதான். ஆனால் விடிந்ததும் இங்கே வந்து வாங்கி, பஸ் பிடித்து, நேரத்துக்குச் சேலத்தில் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். போகும் வழி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். விடிந்ததும் வேறொரு காரணம் வரும் என்று எனக்கும் தெரியும்.

கத்தலாம் என்றுதான் இருந்தது. கத்தினால், படித்த திமிர் என்று சொல்லி எழுந்து போய்விடுவார். அந்தச் சௌகரியத்தை அவருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

"உங்க பொருளத்தானுங்க வெளிய குடுக்கக் கூடாது. அது உங்க பொருள் இல்லீங்க. எங்கப்பன் தறியில நின்னு படிக்க வெச்சது. உங்க லட்சுமி உங்களோடயே இருக்கட்டும். நான் என்னுதை எடுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு நடந்தேன். சாவி என் கையில்தான் இருந்தது.

ஆபீசைத் தாண்டி அந்த வீட்டுக்குள் நான் போனதே இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் கதவோரம் நின்றுதான் கேட்பேன். அங்கே யாரும் வராதே என்று சொன்னதில்லை. சொல்லாமலே நாங்கள் எல்லாரும் கதவோரம்தான் நிற்போம். முதலாளி எழுந்து, ஏ, நில்லு என்றார். வாசல்படியில் செங்கோடன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். காளியாத்தாள் அம்மா கதவில் நின்றார், அன்றைக்குப் பீரோவுக்குக் குறுக்கே நின்ற மாதிரி.

என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் போ, சாமி" என்றார். ஒதுங்கி வழிவிட்டார்.

கழற்றிவிட்டுப் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் பீரோ. பெரிய கதவை அவரே திறந்துவிட்டார். லாக்கர் சாவி கொஞ்சம் முரண்டு பிடித்துத் திரும்பியது. உள்ளே நகைப் பெட்டிகளுக்கு மேலே, பிளாஸ்டிக் கவர்களாக ஒரு அடுக்கு. என்னுடையது மட்டும் இல்லை. பிரபா அக்காவுடையது இருந்தது. எனக்குத் தெரியாத பெயர்களும் இருந்தன, மதியழகன், நவநீதகிருஷ்ணன் என்று. ஒரு கவர் மஞ்சளாகி ஒட்டிப்போயிருந்தது. நகைப் பெட்டியை நான் தொடவில்லை. என் கவரை மட்டும் உருவி, அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தேன். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, டி.சி. எல்லாம் இருந்தன. லாக்கரைப் பூட்டிச் சாவியைக் காளியாத்தாள் அம்மாவின் கையில் வைத்தேன்.

மற்றவர்களுடையதையும் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள், பிரபா அக்காவுக்கு நான் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

முன்னறைக்கு வந்தபோது முதலாளி மறுபடி நாற்காலியில் இருந்தார். முகம் சிவந்திருந்தாலும் குரல் பழையபடியே இருந்தது. நான் செய்தது நியாயமா என்று அவர் கேட்கவில்லை. உன்னை எங்கள் பிள்ளை மாதிரி வைத்திருந்தோமே என்றார். தீபாவளிக்குச் சேலைகூட எடுத்து வைத்திருக்கிறது என்றார். நாளைக்குப் போய்விட்டு வா, நல்லபடியாகச் செய், அந்த வேலையெல்லாம் சிபாரிசு இருந்தால்தான் கிடைக்கும், கிடைக்காவிட்டால் மனசை விட்டுவிடாதே என்றும் சொன்னார்.

"திங்கக்கெழமை நேரமே வந்துரு. ராய்ப்பூர் வண்டிக் கணக்கு ஏத்தாமக் கெடக்குது. வரும்போது அந்தக் கவரையும் கொண்டாந்து குடுத்துரு."

"திங்கக்கெழமை வர மாட்டனுங்க."

"வேலை கெடைக்கலீன்னா?"

"கெடைக்கலீன்னாலுமுங்க."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். நின்று கேட்கவில்லை. செருப்பை மாட்டி, வளையலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கவரை நெஞ்சோடு அணைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன், வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. செங்கோடன் அண்ணன் வாசல்படியில் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார். படியிறங்கி, ரிக் வண்டியைச் சுற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.